திரை இருண்டால் சர்வரை நிறுத்தாதீர்கள்: கேவிஎம் அடாப்டர் கோளாறில் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

ஒரு ரேக்கில் பதினாறு சர்வர்கள் இருக்கும். கீபோர்டும் மவுஸும் மானிட்டரும் ஒன்றே ஒன்றுதான். இந்த ஏற்பாட்டைச் சாத்தியமாக்குவது கேவிஎம் ஸ்விட்ச். ஒவ்வொரு சர்வரின் பின்புறத்திலும் அதற்கென ஒரு சின்ன அடாப்டர் தொங்கும். அதன் ஒரு பக்கம் விஜிஏ பிளக்கும் யூஎஸ்பி அல்லது பிஎஸ்/2 பிளக்கும். மறுபக்கம் ஆர்ஜே45 துளை. அங்கிருந்து ஒரு கேட்5 கேபிள் ஸ்விட்சுக்குப் போகும். ராரிட்டன் நிறுவனம் இந்த அடாப்டரை சிஐஎம் என்கிறது, அவோசென்ட் ஐக்யூ மாட்யூல் என்கிறது, டெல் எஸ்ஐபி என்கிறது. சர்வர் ரூமில் பலருக்கும் இது வெறும் டாங்கிள்.

இந்த டாங்கிள் கெட்டால் திரை கறுத்துவிடும், அல்லது கீபோர்டு மரத்துப்போகும். ஆனால் அந்த நேரத்திலும் சர்வர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும். டேட்டாபேஸ் ஓடும், மெயில் போகும், பில் போடும். பழுது பார்க்க வந்தவர் பதற்றத்தில் பவர் பட்டனை அழுத்தினால்தான் உண்மையான சேதம். கீழே வரும் ஒவ்வொரு குறிப்புக்கும் அடிப்படை ஒன்றுதான்: கன்சோலைச் சரிசெய்யும் வேலைக்கு ஓடிக்கொண்டிருக்கும் சர்வர் பலியாகக்கூடாது.

1. கை வைக்கும் முன்

செய்ய வேண்டியவை

• முதலில் சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். பிங் கொடுங்கள், எஸ்எஸ்எச் அல்லது ரிமோட் டெஸ்க்டாப் வழியாக நுழைந்து பாருங்கள். டெல் சர்வரில் ஐடிராக், ஹெச்பி சர்வரில் ஐஎல்ஓ என்று தனி மேலாண்மைச் சிப் இருக்கும். அதன் கன்சோலில் திரை தெரிந்தால் சர்வர் நலம். கோளாறு டாங்கிள் போகும் பாதையில் இருக்கிறது.

• பாதிப்பு எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று பாருங்கள். ஒரே ஒரு சர்வர் மட்டும் தெரியவில்லை என்றால் சந்தேகம் அடாப்டர், கேபிள், ஸ்விட்ச் போர்ட், சர்வர் போர்ட் என்ற நான்குக்குள் அடங்கும். எல்லாச் சர்வரும் தெரியவில்லை என்றால் டாங்கிள்களை விட்டுவிட்டு ஸ்விட்சின் பவரையும் கன்சோல் மானிட்டரையும் பாருங்கள். ரேக் முன் நின்றால் தெரிகிறது, தொலைவிலிருந்து பிரவுசரில் திறந்தால் தெரியவில்லை என்றால் அது நெட்வொர்க்கிலோ அந்தப் பயனருக்குக் கொடுத்த அனுமதியிலோ உள்ள சிக்கல்.

• புகாரைத் துல்லியமாக எழுதுங்கள். "கேவிஎம் வேலை செய்யவில்லை" என்ற வரியால் யாருக்கும் பயனில்லை. படமே இல்லையா? படம் இருந்தும் கீபோர்டு இல்லையா? நிறம் மாறியிருக்கிறதா? மவுஸ் விலகி நகர்கிறதா? பட்டியலில் சர்வரின் பெயரே இல்லையா? ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு.

செய்யக்கூடாதவை

• இருண்ட திரையைப் பார்த்துப் பவர் பட்டனை அழுத்தாதீர்கள்.

• கறுத்த திரையை எழுப்ப கண்ட்ரோல்-ஆல்ட்-டெலீட் அடிக்காதீர்கள். விண்டோஸில் அது லாகின் திரையைக் கொண்டுவரும். லினக்ஸ் டெக்ஸ்ட் கன்சோலில், யாரும் அதை முடக்கி வைத்திருக்காவிட்டால், சர்வரை ரீபூட் செய்துவிடும். என்டர் விசையும் ஆபத்துதான்; திரைக்குப் பின்னால் "நீக்கலாமா?" என்று ஏதாவது கேள்வி காத்திருக்கலாம். ஷிப்ட் விசையை ஒருமுறை தட்டினால் போதும்.

2. மின்சாரம்

இந்த வகை அடாப்டர்களில் பெரும்பாலானவற்றுக்குத் தனி மின்சாரம் கிடையாது. சர்வரின் யூஎஸ்பி அல்லது பிஎஸ்/2 போர்ட்டில் வரும் 5 வோல்ட்டில்தான் அவை உயிர் வாழ்கின்றன. படமும் கீபோர்டும் சேர்ந்தே போயிருந்தால் முதல் சந்தேகம் இங்கேதான் விழ வேண்டும்.

செய்ய வேண்டியவை

• அடாப்டரில் எல்இடி இருந்தால் அது எரிகிறதா என்று பாருங்கள். எரியாவிட்டால் சர்வரிலிருந்து 5 வோல்ட் வரவில்லை, அல்லது அடாப்டர் இறந்துவிட்டது. யூஎஸ்பி பிளக்கை அதே சர்வரின் வேறொரு போர்ட்டுக்கு மாற்றிப் பார்த்தால் இரண்டில் எது என்று தெரிந்துவிடும்.

• மதர்போர்டோடு ஒட்டிய பின்புறப் போர்ட்டையே பயன்படுத்துங்கள். யூஎஸ்பி 3 போர்ட்டில் தகராறு செய்யும் பழைய டாங்கிள் யூஎஸ்பி 2 போர்ட்டில் அமைதியாக வேலை செய்வது உண்டு.

• விண்டோஸ் சர்வரில் சில மணி நேரம் கழித்து மட்டும் கீபோர்டு போகிறது என்றால் டிவைஸ் மேனேஜரில் யூஎஸ்பி ஹப்பின் பவர் மேனேஜ்மென்ட் அமைப்பைப் பாருங்கள். மின்சாரத்தை மிச்சப்படுத்த விண்டோஸே அந்தப் போர்ட்டைத் தூங்க வைத்திருக்கலாம்.

• படத்தில் கீழிருந்து மேலாக மெல்ல ஊரும் பட்டைகள் தெரிந்தால் எர்த்திங்கைச் சோதிக்கச் சொல்லுங்கள். சர்வர் ஒரு யூபிஎஸ்ஸிலும் கேவிஎம் ஸ்விட்ச் இன்னொன்றிலும் இருந்து, இரண்டின் எர்த்துக்கும் இடையே வோல்டேஜ் வித்தியாசம் இருந்தால் அதனால் எழும் மின்னோட்டம் வீடியோ கம்பி வழியாக ஓடத் தொடங்கும். இதற்கு அடாப்டரை மாற்றிப் பயனில்லை. எலக்ட்ரீஷியன்தான் வர வேண்டும்.

செய்யக்கூடாதவை

• ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் பிஎஸ்/2 பிளக்கைக் கழற்றி மாட்டாதீர்கள். 1987-இல் ஐபிஎம் கொண்டுவந்த இந்த இணைப்பு அதற்காக வடிவமைக்கப்பட்டதல்ல. பூட் ஆகும்போது கீபோர்டைக் காணாத மதர்போர்டு பிறகு மாட்டினாலும் கண்டுகொள்ளாமல் போகலாம். அதைவிட மோசமாக, போர்ட்டின் ஃபியூஸ் எரிந்து மதர்போர்டையே பழுது பார்க்க வேண்டி வரலாம். யூஎஸ்பிக்கு இந்தத் தடை இல்லை.

• பிஎஸ்/2-இல் ஊதா நிறப் பிளக் கீபோர்டுக்கு, பச்சை மவுஸுக்கு. இருட்டில் ரேக்கின் பின்னால் கையை விட்டுத் தடவி மாட்டாதீர்கள், டார்ச் வைத்துக்கொள்ளுங்கள்.

• அடாப்டரின் யூஎஸ்பியை மலிவான ஹப் வழியாக இழுக்காதீர்கள். மொபைல் சார்ஜரில் சொருகி "எரிகிறதே" என்று நம்பவும் வேண்டாம். எல்இடி எரிந்தால் மின்சாரம் வருகிறது என்றுதான் பொருள். சர்வருடன் பேச்சு நடக்கிறது என்று பொருளில்லை.

3. கேபிள்

ஆர்ஜே45 பிளக்கைப் பார்த்ததும் இதை நெட்வொர்க் கேபிள் என்று நினைத்துவிடுகிறோம். கம்பி அதுதான், ஆனால் உள்ளே ஓடுவது ஈதர்நெட் அல்ல. அனலாக் வீடியோவைக் கொண்டுசெல்லும் பெரும்பாலான அமைப்புகளில் நான்கு ஜோடிக் கம்பிகளில் மூன்று ஜோடிகள் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று நிறங்களை ஆளுக்கொன்றாகச் சுமக்கின்றன. நான்காவது ஜோடியில் கீபோர்டு, மவுஸ் தகவல் போகிறது. இதைப் புரிந்துகொண்டால் திரையைப் பார்த்தே பாதிக் கோளாறைச் சொல்லிவிடலாம்.

செய்ய வேண்டியவை

• நிறத்தைப் படியுங்கள். திரை முழுக்க நீலப்பச்சைச் சாயல் அடித்தால் சிவப்பு வரவில்லை. கருஞ்சிவப்பும் ஊதாவும் கலந்தது போல் இருந்தால் பச்சை வரவில்லை. மஞ்சளாக இருந்தால் நீலம் வரவில்லை. அந்த நிறத்துக்கான ஜோடி அறுந்திருக்கிறது, அல்லது விஜிஏ பிளக்கின் 1, 2, 3 என்ற முதல் மூன்று பின்களில் ஒன்று வளைந்திருக்கிறது.

• படம் தெளிவாக இருந்தும் கீபோர்டும் மவுஸும் மட்டும் வேலை செய்யவில்லை என்றால், யூஎஸ்பி பிளக்கைப் பார்த்த கையோடு கேபிளின் நான்காவது ஜோடியையும் சந்தேகியுங்கள்.

• சந்தேகம் வந்தால் தொழிற்சாலையில் செய்த, நல்லது என்று உறுதியான ஒரு பேட்ச் கார்டை நேராக அடாப்டரிலிருந்து ஸ்விட்சுக்குத் தரையில் இழுத்துப் பாருங்கள். அதில் சரியாகிவிட்டால் சுவருக்குள் போகும் கேபிளோ பேட்ச் பேனலோதான் குற்றவாளி.

• இரு முனையிலும் ஒரே நிற வரிசையில் கிரிம்ப் செய்யுங்கள். எட்டுக் கம்பியும் நேராகப் போனால் மட்டும் போதாது; ஜோடி ஜோடியாகவும் போக வேண்டும். 3-ஆம், 6-ஆம் கம்பிகள் ஒரே ஜோடியாக இருக்க வேண்டிய இடத்தில் வேறு வேறு ஜோடியிலிருந்து எடுத்துச் சொருகியிருந்தால், எட்டு விளக்கு எரியும் சாதாரண டெஸ்டர் "எல்லாம் சரி" என்றே சொல்லும். ஆனால் ஒரு நிறத்தின் சிக்னல் இன்னொன்றில் கசிந்து எழுத்துகள் நிழல் விழுந்து தெரியும். பிளக்கைக் கண்ணால் பார்த்து நிறங்களை எண்ணுவதே இதற்கு எளிய சோதனை.

• நீளத்தையும் ரெசல்யூஷனையும் சேர்த்தே பாருங்கள். கையேட்டில் 45 மீட்டர் என்று இருந்தால் அது பெரும்பாலும் 1024×768 போன்ற எளிய திரைக்கான கணக்கு. 1600×1200-க்குப் போனால் அனுமதிக்கும் நீளம் பல மாடல்களில் பாதிக்கும் கீழே இறங்கிவிடும்.

செய்யக்கூடாதவை

• அடாப்டரின் கேபிளை நெட்வொர்க் ஸ்விட்சில் சொருகாதீர்கள். நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரம் தரும் நல்ல பிஓஇ ஸ்விட்ச் எதிர்முனையைச் சோதித்த பிறகுதான் மின்சாரம் தரும். ஆனால் வைஃபை பெட்டிகளோடு வரும் சில பேசிவ் இன்ஜெக்டர்கள் எதையும் கேட்காமல் 24 அல்லது 48 வோல்ட்டை அனுப்பிக்கொண்டே இருக்கும். 5 வோல்ட்டில் வாழும் அடாப்டர் அதைத் தாங்காது. இந்தக் குழப்பம் வராமலிருக்க கேவிஎம் கேபிள்களுக்கென்று ஒரு தனி நிறம் ஒதுக்குங்கள். வேறெதற்கும் அந்த நிறத்தைத் தொடாதீர்கள்.

• "கேட்6 போட்டால் இன்னும் நன்றாக இருக்கும்" என்று நீண்ட தூரத்துக்கு மாற்றிவிடாதீர்கள். கேட்6 கேபிளில் ஒவ்வொரு ஜோடியும் வேறு வேறு அளவில் முறுக்கப்பட்டிருக்கும். நெட்வொர்க்குக்கு அது நல்லது. அனலாக் வீடியோவில் மூன்று நிறங்களும் கடக்கும் தூரம் கொஞ்சம் கொஞ்சம் வேறுபட்டு, ஒன்று முந்தி ஒன்று பிந்தி வந்து, எழுத்தின் ஓரத்தில் சிவப்போ நீலமோ ஒதுங்கி நிற்கும். பல கையேடுகள் கேட்5இ போதும் என்று சொல்வது சிக்கனத்துக்காக மட்டுமல்ல.

• கப்ளர் போட்டுக் கேபிளை நீட்டாதீர்கள். பவர் கேபிள் கட்டோடு சேர்த்து டை போட்டு இறுக்காதீர்கள்.

• அடாப்டர் மாட்டியிருக்கும்போதே கேபிள் டெஸ்டரைச் சொருகாதீர்கள். இரு முனையையும் கழற்றிவிட்டுச் சோதியுங்கள்.

4. படம் வரவில்லை

செய்ய வேண்டியவை

• விஜிஏ பிளக்கைக் கழற்றிப் பின்களை வெளிச்சத்தில் பாருங்கள். 9-ஆம் பின் இல்லாமலே பல கேபிள்கள் வருகின்றன, அது பழுதல்ல. ஆனால் 12, 15 என்ற இரண்டும் முக்கியம். மானிட்டர் தன்னைப் பற்றிய குறிப்பை, அதாவது இடிஐடி எனப்படும் 128 பைட் தகவலை, சர்வருக்குச் சொல்வது அந்த வழியாகத்தான். அடாப்டர்களில் பல இந்தக் குறிப்பைத் தாங்களே வைத்திருந்து மானிட்டர் இருப்பதுபோல் சர்வரை நம்பவைக்கின்றன. அந்தக் குறிப்பு போய்ச் சேராவிட்டால் சர்வர் மிகக் குறைந்த ரெசல்யூஷனில் நிற்கும், அல்லது படமே தராது.

• சர்வரில் புதிதாகக் கிராஃபிக்ஸ் கார்டு போட்டார்களா என்று விசாரியுங்கள். கார்டு வந்ததும் மதர்போர்டின் விஜிஏ தானாக முடங்கிவிடும் மாடல்கள் உண்டு. நேற்று வரை வேலை செய்த டாங்கிள் இன்று கறுத்தால் டாங்கிள்மேல் பழி போடும் முன் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும்.

• ஒரு சின்ன மானிட்டரை எடுத்துப்போய் நேராகச் சர்வரில் மாட்டிப் பாருங்கள். அதிலும் படம் இல்லையென்றால் டாங்கிள் நிரபராதி.

செய்யக்கூடாதவை

• சர்வரின் ரெசல்யூஷனையோ ரெஃப்ரெஷ் ரேட்டையோ ஸ்விட்சுக்குத் தெரியாத அளவுக்கு ஏற்றாதீர்கள். 60 ஹெர்ட்ஸில் நிறுத்திக்கொள்ளுங்கள். சர்வருக்கு அழகான திரை தேவையில்லை.

• விஜிஏ பிளக்கின் திருகுகளை முறுக்காமல் விடாதீர்கள். பிளக்கின் எடை முழுக்க பின்களில் தொங்கும். சர்வரை ரேக் ரெயிலில் வெளியே இழுக்கும்போது டாங்கிள் கேபிள் நீளம் போதாமல் விண்ணென்று இழுபட்டு உடைவதும் உண்டு. அதைத் தவிர்க்க டாங்கிள் கேபிளைச் சர்வரின் கேபிள் தாங்கும் கையோடு சேர்த்துத் தளர்வாகக் கட்டிவைக்கலாம்.

5. கீபோர்டும் மவுஸும்

செய்ய வேண்டியவை

• ஒரு விசை அழுத்தியபடியே நிற்பதுபோல் நடந்தால் இரு பக்கத்துக் கண்ட்ரோல், ஆல்ட், ஷிப்ட் விசைகளையும் ஒவ்வொன்றாக அழுத்தி விடுங்கள். வேறு சர்வருக்குத் தாவும் நேரத்தில் விசை "மேலே வந்த" செய்தி பழைய சர்வருக்குப் போகாமல் போயிருக்கலாம்.

• மவுஸ் குறி ஓரிடத்திலும் நம் கை ஓரிடத்திலும் இருந்தால் ஸ்விட்சின் அமைப்பில் அப்சொல்யூட் மவுஸ் இருக்கிறதா என்று பாருங்கள். அதை ஏற்காத பழைய அமைப்புகளில் விண்டோஸின் "பாயின்டர் பிரிசிஷன்" வசதியை அணைத்தால் பெரும்பாலும் சரியாகும்.

• விண்டோஸிலோ லினக்ஸிலோ கீபோர்டு வருகிறது, பயாஸ் திரையில் மட்டும் வரவில்லை என்றால் பயாஸில் லெகசி யூஎஸ்பி அமைப்பைப் பாருங்கள். ராரிட்டன் போன்ற ஸ்விட்சுகளில் பயாஸுக்கென்று தனி யூஎஸ்பி புரொஃபைல் தேர்ந்தெடுக்கலாம்.

• வேலை முடிந்ததும் கேவிஎம் வழியாகச் சர்வரில் மாட்டிய வர்ச்சுவல் மீடியாவைத் துண்டியுங்கள். நிறுவலுக்காக மாட்டிய ஐஎஸ்ஓ அப்படியே இருந்தால் அடுத்த ரீபூட்டில் சர்வர் அதிலிருந்து எழ முயலும்.

செய்யக்கூடாதவை

• ஸ்க்ரோல் லாக் விசையை இரண்டுமுறை தட்டிச் சர்வர் மாற்றும் வழக்கத்தில், எந்தச் சர்வரில் நிற்கிறோம் என்று பார்க்காமல் தட்டச்சு தொடங்காதீர்கள்.

• பழைய சன் ஸ்பார்க் சர்வர்கள் இன்னும் ஓடும் ரேக்கில் கேவிஎம் ஸ்விட்சின் பவரைச் சும்மா அணைத்துப் போடாதீர்கள். கீபோர்டு இணைப்பு அறுந்ததை "பிரேக்" என்று எடுத்துக்கொண்டு அவற்றில் ஓடும் சோலாரிஸ் ஆபரேட்டிங் சிஸ்டம் அப்படியே நின்று "ஓகே" என்ற குறிக்கு இறங்கிவிடும். அந்த வழக்கத்தைச் சோலாரிஸின் கேபிடி அமைப்பில் முன்கூட்டியே முடக்கி வைக்கலாம்.

6. பெயர்: பெரிய விபத்து நடக்கும் இடம்

ஸ்விட்சின் பட்டியலில் "பேரோல்-2" என்று காட்டும் பெயர் பல தயாரிப்புகளில் ஸ்விட்சுக்குள் இருப்பதில்லை. அடாப்டரின் நினைவகத்தில் இருக்கிறது. அடாப்டரை எந்தப் போர்ட்டுக்கு மாற்றினாலும் பெயர் கூடவே போகும். வசதிக்காகச் செய்தது இது. ஆனால் அதே அடாப்டரைக் கழற்றி வேறு சர்வரில் மாட்டினால் அந்தச் சர்வருக்குப் பழைய பெயர் ஒட்டிக்கொள்ளும். "பேரோல்-2"-ஐ ரீபூட் செய்யுங்கள் என்று தொலைபேசியில் சொல்வார்கள்; மெயில் சர்வர் விழும்.

செய்ய வேண்டியவை

• அடாப்டரை இடம் மாற்றிய அந்த நிமிடமே பெயரை மாற்றுங்கள். "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்பதற்கு இந்த வேலையில் இடமில்லை.

• அடாப்டரின் உடம்பில் ஒரு லேபிள், கேபிளின் இரு முனையிலும் ஒவ்வொன்று, சர்வரின் முன்புறம் ஒன்று: நான்கிலும் ஒரே பெயர் இருக்கட்டும்.

• எந்தக் கட்டளை கொடுப்பதற்கு முன்பும் திரையில் ஹோஸ்ட்நேம் அடித்துப் பாருங்கள். ரேக்கில் எது எது என்று குழப்பமாக இருந்தால் ஐஎல்ஓ, ஐடிராக் வழியாகச் சர்வரின் அடையாள விளக்கை எரியவிட்டுப் பின்புறம் போய்ப் பாருங்கள்.

செய்யக்கூடாதவை

• பயன்பாடு முடிந்த சர்வரிலிருந்து எடுத்த அடாப்டரைப் பெயரை அழிக்காமல் உதிரிப் பெட்டியில் போடாதீர்கள்.

• போர்ட் எண்ணை நம்பி வேலை செய்யாதீர்கள். யாராவது கேபிளை ஒரு துளை தள்ளிச் சொருகியிருந்தால் எண் பொய்யாகிவிடும்.

7. மாற்றிப் பார்க்கும் முறை

செய்ய வேண்டியவை

• ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். முதலில் ஸ்விட்ச் போர்ட், அடுத்து கேபிள், அடுத்து அடாப்டர். கோளாறு எந்தப் பொருளோடு நகர்கிறதோ அதுதான் குற்றவாளி. அடாப்டரைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம் உண்டு: சர்வரோடு நேரடியாக ஒட்டியிருப்பது அது ஒன்றுதான்.

• நல்லது என்று உறுதியான ஓர் அடாப்டரையும் ஒரு பேட்ச் கார்டையும் சோதனைக்கென்றே ஒதுக்கி வையுங்கள்.

• புது அடாப்டரை ஸ்விட்ச் அடையாளம் காணவில்லையென்றால் ஸ்விட்சின் ஃபர்ம்வேர் பதிப்பைப் பாருங்கள். பழைய ஃபர்ம்வேருக்குப் புது மாடலைத் தெரியாது.

செய்யக்கூடாதவை

• ஃபர்ம்வேர் ஏறும்போது எந்தக் கேபிளையும் தொடாதீர்கள். சில ஸ்விட்சுகள் தங்களுக்கு ஏற்றியதை அடாப்டர்களுக்கும் அனுப்பும்; நடுவில் இழுத்தால் அடாப்டர் வெறும் கல்லாகிவிடும்.

• பிளக் பொருந்துகிறது என்பதற்காக ஒரு கம்பெனி அடாப்டரை இன்னொரு கம்பெனி ஸ்விட்சில் மாட்டாதீர்கள். துளை ஒன்றானாலும் எந்தக் கம்பியில் எது ஓடுகிறது என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறு.

• சந்தேகமான அடாப்டரை உதிரிப் பெட்டிக்குத் திருப்பி அனுப்பாதீர்கள். சிவப்பு டேப் சுற்றி, தேதியும் கோளாறும் எழுதி, தனியே வையுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மாதம் வேறொருவர் அதே அடாப்டரோடு இரவு முழுக்கப் போராடுவார்.

8. வேலை முடிந்தது என்று எப்போது சொல்லலாம்?

திரை வந்துவிட்டது, கீபோர்டு அடிக்கிறது என்றதும் புகாரை மூடிவிடாதீர்கள். ஆபரேட்டிங் சிஸ்டம் ஓடும்போது சர்வருக்குள் போக எஸ்எஸ்எச், ரிமோட் டெஸ்க்டாப் என்று வேறு வழிகள் இருக்கின்றன. டாங்கிள் தேவைப்படுவது சர்வர் எழ மறுக்கும் இரவில்தான். ஆகவே அடுத்த பராமரிப்பு நேரத்தில், திட்டமிட்ட ரீபூட்டின்போது, இரண்டைச் சோதியுங்கள்: பயாஸ் திரை தெரிகிறதா, எஃப்2 அல்லது டெலீட் அடித்தால் உள்ளே போகிறதா. இரண்டும் நடந்தால் பதிவேட்டில் அடாப்டர் எண், போர்ட், கேபிள், மாற்றிய தேதி நான்கையும் எழுதிப் புகாரை மூடலாம். நடக்காவிட்டால் திரையில் எவ்வளவு தெளிவாகப் படம் வந்தாலும் அந்த அடாப்டர் இன்னும் பழுதில்தான் இருக்கிறது.